தூரத்துக் கோப்பின் இருப்பிடம் பற்றிய விசாரம்

கண்ணால் கண்டிராத ஏதோவொரு தேசத்தில் ஓயாது இயங்கும் லினக்ஸ் கணினியொன்றில், ஒரு வரியின் தலையிலுள்ள ஹேஷ் குறியை அழிப்பதற்காக, கருந்திரையில் வி.ஐ. எடிட்டரைத் திறக்க அஞ்சி, மெனுவும் மவுஸும் உடைய எடிட்டரையே நாடும் மனிதன், தன்னை அறியாமலே தத்துவ விசாரத்தில் பிரவேசித்தவனாகிறான். திருத்தப்படும் வேளையில் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தெளியாமல் அவன் ஒன்றையும் நிம்மதியாகச் சேமிக்க முடியாது.

இவ்விஷயத்தில் மதங்கள் மூன்று. முதலாவது, 1984-இல் எம்.ஐ.டி.யில் தோன்றிய எக்ஸ் விண்டோ முறையைச் சார்ந்தது. கோப்பும் எடிட்டரும் அங்கேயே இருக்க, ஜன்னல் மட்டும் எஸ்.எஸ்.எச். சுரங்கத்தின் வழியே நம் திரைக்கு எழுந்தருளும் என்பது இதன் சித்தாந்தம். ஜன்னல் வரைய இடம் கேட்டு, வலிமை மிக்க அந்தத் தூரத்துக் கணினி நம் எளிய மடிக்கணினியிடம் விண்ணப்பிக்க, சர்வர் பதவி நம்முடையதாகும் விபரீதமும் இதில் உண்டு. சாஸ்திரத்தில் குறையில்லை, ஆனால் ஒரு மெனு விரிவதற்குள் செய்திகள் பலமுறை கடல் கடந்து மீள வேண்டியிருப்பதால், எதற்காக கிளிக் செய்தோம் என்பதே மறந்துபோகிறது.

வின்எஸ்சிபி போன்றவற்றை நம்புவோர் துவைதிகள். மூலம் அங்கே, தற்காலிகப் பிரதி இங்கே. சேமிக்குந்தோறும் பிரதி மேலேறும். இதற்கிடையில் வேறொருவர் மூலத்தைத் திருத்தியிருந்தால் அவருடைய உழைப்பு சத்தமின்றி அழியக்கூடும்.

எஸ்.எஸ்.எச்.எஃப்.எஸ். மதத்தாரோ மாயாவாதிகள். தூரத்து ஃபோல்டரை நம் ஃபோல்டராகவே தோன்றச் செய்யும் இம்மதத்தின்பால் எனக்குச் சாய்வு உண்டெனினும், இணைப்பு அறுந்து ஞானம் பிறக்கும் க்ஷணத்தில் ஃபைல் மேனேஜர் சமாதி நிலை எய்திவிடுகிறது.

மூன்று மதத்தாரும் ஒருமித்துத் தோற்கும் க்ஷேத்திரம் ஒன்றுண்டு: ரூட்டுக்கு உரிமையான ‘எட்சி’ ஃபோல்டர். அங்குள்ள கோப்புகளில் பெரும்பாலானவை சாதாரணப் பயனருக்கும் இன்முகத்துடன் திறந்து, திருத்தங்களை எல்லாம் ஏற்பதுபோல் காட்டி, சேமிக்கும்போது மட்டும் அனுமதி மறுக்கும். ரூட்டாகவே மாறி எடிட்டரைத் திறக்கலாமெனில், ஜன்னல் திறக்கும் அனுமதிச்சீட்டு பெரும்பாலும் பழைய பயனரிடமே தங்கிவிடுகிறது. ஆகவே முதல் மதத்தின் ஜன்னலையும் இரண்டாம் மதத்தின் பிரதியையும் தூரத்துக் கணினியிலேயே சமரசப்படுத்தும் ‘சுடோஎடிட்’ கட்டளையே அங்கே கதி. அது ரூட் வேஷத்தில் பிரதியெடுத்து, எடிட்டரைப் பயனரின் உரிமையிலேயே திறந்து, மூலத்தில் எழுதும் வேளையில் மீண்டும் ரூட் வேஷம் பூணுகிறது. எடிட்டரை மூடினாலன்றி அந்த வேஷத்தை மீண்டும் பூணாதாகையால், எத்தனை தரம் சேமித்தாலும், ஜன்னல் திறந்திருக்கும்வரை ஹேஷ் குறி இருந்த இடத்திலேயே இருக்கும்.