ஒரு லட்சத்து ஒன்று: மொய்க் கணிதத்தில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தாய்மாமன் மொய் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்போது அது ஒரு லட்சமாக இருப்பதில்லை. ஒரு லட்சத்து ஒன்றாகவே இருக்கிறது. மொட்டையாகக் கொடுக்கக்கூடாது என்பது பெரியவர்கள் தீர்ப்பு. அதை மதித்தே, கடையில் விற்கும் மொய்க் கவரும் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு ரூபாய் லட்சத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தோம்.

2. புற அமைப்பு

1,00,001-ஐ வலமிருந்து படித்தாலும் அதே எண்தான். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டிய மரபுக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது.

3. மிகையும் குறையும்

கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் நிக்கோமாக்கஸ் எண்களை மிகை, குறை, நிறை என வகுத்தார். ஓர் எண்ணை விட்டுவிட்டு அதன் மற்றக் காரணிகளைக் கூட்டினால், கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டுவது மிகை, எட்டாதது குறை, சமமாவது நிறை. லட்சத்துக்கு இத்தொகை 1,46,078. ஐயமே இல்லாத மிகை எண். ஒரு ரூபாயைச் சேர்த்ததும் மிஞ்சுபவை 1, 11, 9,091 ஆகிய மூன்றே. கூட்டினால் வெறும் 9,103. வளம் பெருகட்டும் என்று வைத்த ரூபாய், மிகையைக் குறையாக்கிவிட்டது.

4. மகிழ்ச்சி

இலக்கங்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வருவதையும் அப்படியே செய்துகொண்டு போனால் 1-இல் முடிபவை மகிழ்ச்சி எண்கள். லட்சம் எடுத்த எடுப்பிலேயே 1. ஒரு லட்சத்து ஒன்றோ 2, 4, 16, 37, 58, 89, 145, 42, 20 என்று போய் மறுபடியும் 4-க்கே வந்து, செக்குமாடாகச் சுற்றுகிறது. 101, 1,001, 10,001 ஆகியவற்றின் கதியும் இதுவே. மணமக்களை வாழ்த்த மகிழ்ச்சியற்ற எண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறோம்.

5. பங்கு பிரித்தல்

பெரியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? லட்சத்துக்கு 36 காரணிகள். இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு, பத்து என எத்தனையோ விதமாகப் பங்கு போடலாம். தலைக்கு ஒரு ரூபாய் என்பதை விட்டால், 1,00,001-ஐ ரூபாய் உடையாமல் சமமாகப் பிரிக்க இரண்டே வழி: பங்காளிகள் 11 பேர் என்றால் தலைக்கு 9,091, 9,091 பேர் என்றால் தலைக்கு 11. இரண்டும் பகா எண்கள் என்பதால் வேறு வழியில்லை. ஆக, மகிழ்ச்சியை விலையாகக் கொடுத்துப் பாகப்பிரிவினையைத் தடுத்திருக்கிறார்கள்.

6. பரிந்துரை

ஒன்றுக்குப் பதில் மூன்று ரூபாய் சேர்க்கலாம். 1,00,003 ஆறிலக்கப் பகா எண்களில் முதலாவது. தலைக்கு ஒரு ரூபாய் என்று இறங்கினாலொழிய, எத்தனை பங்காளி வந்தாலும் சமமாகப் பிரிக்க முடியாது. இலக்க வர்க்கங்களின் கூட்டல் 10, அடுத்தது 1. எனவே மகிழ்ச்சி எண்ணும்கூட. மூன்று ஆகாது என்று மொய் எழுதுபவர் பேனாவை மூடக்கூடும். மூன்று முடிச்சு போட்டு முடித்த மேடையைக் காட்டி அவரை வழிக்குக் கொண்டுவரலாம். நாணயம் ஒட்டும் கவர்க்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம்.