விளக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு

அனுப்புநர்:
டிங்கரிங் ஆய்வகப் பொறுப்பாசிரியை,
அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளி, தமிழ்நாடு.

பெறுநர்:
மேலாளர், விளக்குப் பிரிவு,
பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ பெட்டி செய்யும் நிறுவனங்கள் அனைத்தும்.

பொருள்: பெட்டியின் மேல் எரியும் விளக்குக்கு அர்த்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பெட்டி மூன்று முறை சிமிட்டியது. 2. சற்று நின்று மீண்டும் மூன்று முறை சிமிட்டியது. 3. அதன்பின் தகவல் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தில் மோட்டாருக்கு ஒரு பிரிவும் சென்சாருக்கு ஒரு பிரிவும் இருப்பதுபோல விளக்குக்கும் ஒரு பிரிவு இருக்கும் என்று நம்பியே இதை எழுதுகிறேன். இப்படியொரு குழப்பம் தானாக அமைய வாய்ப்பே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பெட்டியோடு ஒரு கையேடும் வந்தது. பேட்டரியை எப்படிப் போடுவது என்பதற்கு அதில் நாலு படம். விளக்குக்கு ஒரே வரி: சிவப்பு தொடர்ந்து எரிந்தால் உங்கள் ஆசிரியரை அணுகவும். ஐயா, அந்த ஆசிரியை நான்தான். நான் யாரை அணுகுவது என்று அடுத்த பக்கத்தில் தேடினேன். அங்கே உத்தரவாத நிபந்தனைகள் இருந்தன.

அந்தப் பெட்டியின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஊரறிந்த பெட்டிகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றின் விதிகள் அச்சில் இருக்கின்றன, யாரும் மறுக்க முடியாது.

அமெரிக்காவில் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு நடத்தும் பள்ளி மாணவர் ரோபோ போட்டியில் 2015 முதல் ரோபோரியோ என்ற பெட்டி ஓடுகிறது. அதன் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று. பெட்டி விழித்தெழும்போது அது எரியும், எழுந்ததும் அணைந்துவிட வேண்டும். அணைந்திருந்தால் நலம் என்று பொருள். பக்கத்திலேயே ‘காம்’ என்று இன்னொன்று. அது அணைந்திருந்தால் தொடர்பே இல்லை என்று பொருள். ஒரே பெட்டியில், விரற்கடை தூரத்தில், ஓர் இருட்டு நல்ல சேதி, இன்னோர் இருட்டு கெட்ட சேதி. எது எந்த இருட்டு என்று பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஸ்டேட்டஸ் விளக்கு அணையாமல் சிமிட்டினால் அடுத்த பாடம் தொடங்குகிறது. இரண்டு முறை என்றால் மென்பொருள் பிழை. மூன்று முறை என்றால் பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. நான்கு முறை என்றால் மென்பொருள் இரண்டு தரம் நொறுங்கி விழுந்துவிட்டது. விடாமல் சிமிட்டினால் மீள வழியில்லை. இதை ஒரு வகுப்பில் வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முன்வரிசை மூன்று என்னும், ஜன்னலோரம் நான்கு என்னும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “மிஸ், அது கண்ணடிக்குது” என்பான். அவன் சொன்னது மட்டும்தான் சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. போட்டித் திடலிலோ ஓர் ஆட்டமே இரண்டரை நிமிடம் சொச்சம்தான். சிமிட்டலை எண்ணிச் சரிபார்ப்பதற்குள் பாதி ஆட்டம் போய்விடும்.

அதே பெட்டியில் சிவப்பைப் பாருங்கள். காம் விளக்கு நிலையாகச் சிவந்தால் தொடர்பு சரி, நீ எழுதிய நிரல்தான் ஓடவில்லை. அதே சிவப்பு சிமிட்டினால் யாரோ அவசர நிறுத்தத்தை அழுத்திவிட்டார்கள். ‘மோட்’ விளக்கு சிவந்தால் கவலையே வேண்டாம், சோதனை முறையில் ஓடுகிறது. ‘பவர்’ சிவந்தால் மின்சாரத்தில் கோளாறு. ஒரு நிறத்துக்கு இத்தனை வேலை கொடுத்துவிட்டு அதற்கு ஓர் உதவியாளரைக்கூட நியமிக்கவில்லை நீங்கள்.

ரோபோவின் மேல் ஓர் ஆரஞ்சு அபாய விளக்கும் உண்டு. அது நிலையாக எரிந்தால் ரோபோ முடக்கப்பட்டிருக்கிறது, கிட்டப் போகலாம். சிமிட்டினால் உயிரோடு இருக்கிறது, விரலைக் கொண்டுபோகாதே. இது நல்ல ஏற்பாடு. நியாயமாகச் சொல்கிறேன், இந்த ஒன்றை யாரோ பிள்ளைகளின் விரல்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரோபோவிலும் ஒரே விளக்கு, ஒரே விதி, பத்தடி தூரத்திலிருந்தும் தெரியும். அந்த நபரை உங்கள் பிரிவுக்கு மாற்றக் கூடாதா?

அடுத்து லெகோவின் ஈவி3. 2013இல் வந்தது. அந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பள்ளி அலமாரிகளில் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. இதைப் போட்டதும் சிவக்கும். பிள்ளை பதறும். பதற வேண்டாம், துவங்கும்போது சிவக்கத்தான் செய்யும், அணையும்போதும் சிவக்கும். பச்சை என்றால் தயார். பச்சை துடித்தால் நிரல் ஓடுகிறது. ஆரஞ்சு என்றால், கையேட்டின்படி, எச்சரிக்கை, ஆனால் தயார். ஆரஞ்சு துடித்தால் எச்சரிக்கை, ஆனால் ஓடுகிறது. எதைப் பற்றிய எச்சரிக்கை என்று விளக்கு சொல்லாது.

இந்த ஆரஞ்சின் பூர்வீகத்தை விசாரித்தேன். பெட்டிக்குள் ஆரஞ்சு விளக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிவதுதான் ஆரஞ்சு. ‘ஆகாது’ என்பதையும் ‘ஆகும்’ என்பதையும் ஒரே சமயத்தில் ஏற்றிவைத்து அதற்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறீர்கள். தாலுகா அலுவலகத்தில் இதைத்தான் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பார்கள். அங்கே கேட்டால் ஒரு கோப்பு எண்ணாவது கிடைக்கும்.

இதற்கு மேல், ஈவி3இல் அந்த விளக்கின் நிறத்தை மாணவரே நிரல் எழுதி மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருக்கும்போது சிவப்பு எரியவிட்டு என்னை ஓடிவரச் செய்வது எட்டாம் வகுப்பின் முதல் கண்டுபிடிப்பு. நிரல் சரியாக எழுதியிருந்தார்கள், மதிப்பெண் போட்டேன். ஆக, சிவப்பு எரிந்தால் பெட்டிக்குக் கேடா, பையனுக்குக் குறும்பா என்பதையும் நானே முடிவு செய்ய வேண்டும்.

ஆர்டுயினோ ஊனோவில் வேறு கதை. ‘எல்’ என்று எழுதிய ஒரு விளக்கு 13ஆம் எண் முனையோடு கட்டப்பட்டிருக்கிறது. புதுப் பலகையைக் கணினியில் செருகியதும் அது சிமிட்டத் தொடங்கும். கோளாறில்லை, தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பிய நிரல் அது. மின்சாரம் வருகிறது என்பதற்கு அசல் பலகையில் பச்சை எரியும். சந்தையில் கிடைக்கும் சில நகல்களில் அதுவே சிவப்பு. காப்பியடித்தவர்கள் நிறத்தை மட்டும் சொந்தமாக யோசித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2016இல் பிபிசி முன்னின்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்கிய மைக்ரோபிட்டைப் பாராட்டியாக வேண்டும். கோளாறு என்றால் அதன் 25 விளக்குகளும் சேர்ந்து ஓர் அழுமூஞ்சியை வரைந்து, பின்னாலேயே ஓர் எண்ணையும் ஓடவிடும். 020 என்று ஓடினால் நினைவகத்தில் இடமில்லை. எண்ணைப் பட்டியலில் தேட வேண்டும்தான், ஆனால் அழுதது பெட்டிதான் என்பது எல்லோருக்கும் புரிகிறது.

இந்தக் கடிதத்தில் பகடி இல்லாமல் எழுத விரும்பும் பத்தி இது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் பெரும்பாலும் பையன்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம். நம் பக்கம் அதைவிடக் குறைவு என்றாலும், ஒரு பெரிய பள்ளியில் இப்படிச் சிலர் இருப்பார்கள். தெருமுனை சிக்னலில் இவர்கள் தடுமாறுவதில்லை, ஏனென்றால் அங்கே சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே. இடத்தை வைத்தே கண்டுகொள்கிறார்கள். நீங்கள் மூன்று நிறத்தையும் ஒரே பொட்டுக்குள் அடைத்து, அந்த ஒரு துணையையும் பிடுங்கிவிட்டீர்கள். பக்கத்திலிருப்பவர்கள் “பச்சை வந்துடுச்சுடா” என்று கத்தும்வரை காத்திருக்கும் பையனுக்குத் தனக்கு என்ன குறை என்று பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஆசிரியருக்கும் தெரியாது. ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிடுவார்கள்.

தொழிற்சாலைக்காரர்கள் இதை எப்போதோ உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். ஐஇசி 60073 என்ற சர்வதேசத் தரத்தின்படி சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் இயல்பு பிசகியிருக்கிறது, பச்சை என்றால் சரி. நிறம் மட்டும் போதாத இடத்தில் வடிவத்தையும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளவும் அது வழி சொல்கிறது. சிமென்ட் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் தெளிவு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள்? கூட்டக் குறிப்பின் நகல் கிடைத்தால் ஆய்வகத்தில் ஒட்டிவைப்பேன்.

அவசரம் ஏனென்றால் உங்கள் விளக்குகள் பெருகப்போகின்றன. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016இல் தொடங்கியது. டிங்கரிங் ஆய்வகம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, நாடு முழுக்க 10,000 பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2025 பட்ஜெட்டில், ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்தார்கள். அத்தனை ஆய்வகங்களிலும் ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். பெரும்பாலும் இயற்பியலோ கணக்கோ நடத்திக்கொண்டு, தேர்வுப் பணி, தேர்தல் பணிக்கு நடுவே இந்தச் சாவியையும் இடுப்பில் செருகியவர். விளக்கு எரிந்தால் ஆய்வகம் இயங்குகிறது என்று பார்வையிட வருபவர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வாசகருக்கு மட்டும் உங்கள் விளக்கு முழுத் திருப்தி அளிக்கிறது.

வேண்டுகோள் பெரிதில்லை. பெட்டியின் அடிப்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. வரிசை எண்ணும் சான்றிதழ் முத்திரைகளும் போக அங்கே நாலு விரல் இடம் மிச்சம். எந்த விளக்கு எப்படி எரிந்தால் என்ன பொருள், என்ன செய்ய வேண்டும் என்று அங்கே அச்சடியுங்கள். பெட்டி போகும் ஊரின் மொழியில் அச்சடியுங்கள். எங்கள் ஊருக்குத் தமிழில். நிறத்தோடு கூட ஒரு வடிவமோ தனி இடமோ கொடுங்கள், அந்தப் பையன் யார் கத்துவதற்கும் காத்திருக்காமல் தானே பார்த்துக்கொள்வான். ‘ஆசிரியரை அணுகவும்’ என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாசிரியை.

பி.கு.: பதிலை எழுத்தில் அனுப்பவும்.