நனைவாதமும் உலர்வாதமும்: குளிராற்றில் இறங்கும் காலுக்கு உடை தேர்தல் பற்றி ஓர் ஆராய்ச்சி

மனிதன் காலுக்கு என்ன உடுத்த வேண்டும் என்ற கேள்வியைத் தத்துவ நூலார் உரிய முறையில் எடுத்துப் பேசியதில்லை. உயிர் நிலையானதா, உலகம் மாயையா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டவர்கள் எல்லாரும் காய்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாதிட்டவர்கள். தொடையளவு பனிநீரில் நின்றபடி அந்த வாதங்கள் நடந்திருந்தால் பாதிச் சமயங்கள் முதல் நாளே சமரசத்துக்கு வந்திருக்கும். குளிராற்றில் இறங்கித் தூண்டில் போடுவோரின் காலுடை குறித்த மதங்களைப் பரபக்கத்தில் வைத்து மறுத்து, முடிந்த முடிபைச் சுபக்கத்தில் நிறுவுவது இக்கட்டுரையின் கடன்.

களம், நியூசிலாந்தின் தென்தீவு. அதிலும் கிரீன்ஸ்டோன், அஹுரிரி போன்ற ஆறுகளின் மேற்பகுதி. தேடப்படும் பொருள், பழுப்பு ட்ரவுட். இம்மீன் அந்நாட்டுக்கு வந்தேறி. 1864இல் இங்கிலாந்திலிருந்து பாசியும் பனிக்கட்டியும் பொதிந்த முட்டையாக டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் போனது. அங்கே பொரித்து வளர்ந்த குடியின் முட்டைகள் 1867இல் நியூசிலாந்தை அடைந்தன. பனிக்கட்டியில் பயணம் செய்த குலம் வெதுவெதுப்பான நீரில் குடியிருக்குமா? மீன் குளிரில் இருக்கிறது. ஆகவே அதைப் பிடிக்க நினைப்பவரின் காலும் குளிரில் இருந்தாக வேண்டும். சிக்கலின் வேர் இவ்வளவுதான். மற்றதெல்லாம் துணிக்கடை விவகாரம்.

வாதத்துக்குள் போகுமுன் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்க. இந்த மலையாறுகளில் மீன் குறைவு, ஆனால் பெரிது. ஓரிடத்தில் நின்று நாள் முழுக்கத் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தால் கைதான் வலிக்கும். சாலை முடியும் இடத்தில் காரை விட்டுவிட்டு, பையை முதுகில் ஏற்றி, ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடக்க வேண்டும். தெளிந்த நீரில் மீனைக் கண்ணால் கண்ட பிறகே தூண்டில். ஆறு வளைந்து வளைந்து வருவதால் கரை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, தண்ணீருக்குள் இருப்பது ஒவ்வொரு முறையும் சில நிமிடம். நடப்பது நாள் முழுக்க. பின்னால் வரும் வாதங்கள் எல்லாம் இந்தக் கல்லில்தான் தடுக்கி விழப்போகின்றன.

முதலில் பருத்திவாதி. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குபவர். நனைந்த பருத்தி எடை கூடும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும், முழங்காலை மடக்க விடாது. அவரை மறுக்க ஆசிரியர் தேவையில்லை. அரை மணி நேரத்தில் ஆறே மறுத்துவிடும்.

அடுத்தவர் வெறுங்கால்வாதி. அரைக்கால் சட்டை மட்டும் போதும் என்பார். தோலைவிட விரைவாகக் காயும் துணி எது என்று அவர் கேட்கும் கேள்விக்கு எளிதில் விடை கிடையாது. கோடை நண்பகலில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் ஒரு பூச்சியை மறந்துவிட்டார். மாவோரி மக்கள் நமு என்று அழைக்கும் கடிக்கும் ஈயை. தென்தீவின் ஃபியோர்ட்லாந்து மிக அழகாக அமைந்துவிட்டதால், மனிதர்கள் வந்தால் கிளம்பவே மாட்டார்கள் என்று கருதிய ஹினே நுயி தே போ என்னும் தெய்வம், நமுவை அங்கே அவிழ்த்துவிட்டதாக அவர்களின் கதை கூறுகிறது. சுற்றுலாத் துறையின் நோக்கத்துக்கு நேர் எதிரான நோக்கமுடைய தெய்வம். 1773இல் டஸ்கி சவுண்டில் தங்கிய கேப்டன் குக்கும் இப்பூச்சியைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். பசிபிக்கை அளந்தவருக்கே அந்தக் கதி.

நமு கடிப்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். எள்ளளவு கருப்புப் புள்ளி, கணுக்காலில் வந்து உட்காரும், அவசரப்படாது. பெண் ஈ மட்டுமே கடிக்கும். கொசுவைப் போல ஊசி போடாமல் தோலை அறுத்து, ஊறும் ரத்தத்தைக் குடிக்கும். பெரிய மீன் ஒன்று இரண்டு மார் தொலைவில் மிதந்து மேய்ந்துகொண்டிருக்கிறது, அசைந்தால் ஓடிவிடும்; இடது காலில் ஒன்பது நமு. இந்நிலையில் வெறுங்கால்வாதி என்ன செய்வார்? மீனா, காலா என்ற கேள்விக்கு அவர் மதத்தில் விடை இல்லை. போதாக்குறைக்குக் கரையெங்கும் மடகூரி என்னும் முட்புதர், ஈட்டி முனை வைத்த புல். துணி ஒன்று வேண்டும் என்பது இத்தோடு உறுதிப்படுகிறது.

இனி உலர்வாதி. இவரே பிரதான எதிர்வாதி. பணமும் இவரிடம்தான் அதிகம். கால் நனையவே கூடாது என்பது இவர் கொள்கை. பாதம் முதல் மார்பு வரை ஒரே உடையாக வரும் வேடர்ஸை மாட்டிக்கொண்டு, தோளில் வாரிட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி ஆற்றில் இறங்குவார்.

இவர்களுக்குள் மூன்று உட்பிரிவு. பழைய பிரிவு ரப்பர். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார்; தண்ணீர் உள்ளே வராத காலுடை அதன் பின்தான் நிலைபெற்றது. தண்ணீர் வெளியேயும் போகாது என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவு நியோப்ரீன். டுபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1930இல் பிறந்த செயற்கை ரப்பர். நுரையாக்கினால் உள்ளே குமிழ் குமிழாக வாயு தங்கிச் சூட்டைக் காக்கும். வட தீவின் டொங்காரிரோ ஆற்றில், குளிர்காலத்தில், இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நின்றே மீன் பிடிப்பவருக்கு இது வரம். அங்கே உலர்வாதம் வெல்லும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் நிற்பவர். நம் கட்டுரை நடப்பவரைப் பற்றியது. நியோப்ரீன் வேடர்ஸோடு வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்தவர் ஆற்றில் இறங்குவது மீனுக்காக அல்ல.

மூன்றாம் பிரிவு சவ்வுவாதம். இதற்கு ஓர் அவதாரக் கதை உண்டு. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் தண்டுகளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார், அறுந்தன. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். அறாமல் பல மடங்கு நீண்டது. பொறுமையால் வராதது கோபத்தால் வந்த அரிய சான்று. அப்படி நீண்ட படலத்தின் நுண்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி வெளியேறப் போதுமான அளவு பெரியவை. ஆகவே மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும் என்பது சித்தாந்தம்.

இது மழைக்கோட்டுக்குப் பொருந்தும். ஆற்றில் என்ன ஆகிறது? ஆவி தானாக வெளியே போகாது; உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே அவை குறைந்திருந்தால்தான் போகும். சுமையோடு மேடேறும் உடல் மணிக்கு அரை லிட்டர் வியர்வையை அலட்டிக்கொள்ளாமல் விடும். அந்த ஆவி சவ்வை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போதே உடையவர் 10 பாகைத் தண்ணீரில் கால் வைக்கிறார். உட்சுவர் சில்லிட்டுவிடுகிறது. வெளியேற வந்த ஆவி வாசலிலேயே துளியாகிக் கீழே வழிகிறது. மாலையில் மலைக்குடிலுக்கு வந்து வேடர்ஸை உரிக்கும்போது காலுறை பிழியப் பிழியச் சொட்டும். ஓட்டையோ என்று அவர் உடையைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார், ஓட்டையே இருக்காது. பெருந்தொகை கொடுத்து, பூட்ஸோடு சேர்த்து இரண்டு கிலோவுக்கு மேல் சுமந்து, ஆறு செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்துகொண்டார்.

ஆக, மலையாற்றில் நடப்பவருக்கு நனைவதா உலர்வதா என்ற கேள்வியே கிடையாது. எந்தத் தண்ணீரால் நனைவது என்பதே கேள்வி. ஆற்று நீரா, சொந்த நீரா? ஆற்று நீர் இலவசம், வாடையும் இல்லை.

இங்கே ஒரு துணைக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அமிழ்த்திவிடும் என்ற அச்சம் நெடுநாளாக உண்டு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சங்கதி. அமெரிக்கத் தூண்டில் மேதை லீ வுல்ஃப் வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து நீந்தியே காட்டினார். எடை தெரிவது கரையேறும்போதுதான். உண்மையான ஆபத்து இழுவை: நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், தொளதொளத்த உடை அந்த விசைக்குப் பாய்மரம் விரித்துக் கொடுக்கும். ஆற்றில் மூழ்கிச் சாவதை 19ஆம் நூற்றாண்டில் ‘நியூசிலாந்து மரணம்’ என்றே அழைக்கும் அளவுக்கு அந்நாட்டு ஆறுகள் பெயர் வாங்கியவை. ஆற்றைக் கடக்கும் உடை காலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அழகியல் கருத்து அல்ல.

பரபக்கம் முற்றிற்று. சுபக்கமாகிய நனைவாதம் வருமாறு.

உள்ளே, காலோடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் தெர்மல் கால்சட்டை. அதற்கு மேல், வெளியே, அரைக்கால் சட்டை. பாதத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் காலுறை, அதன் மேல் பூட்ஸ். நியூசிலாந்து மலைநடையாளர் நெடுநாளாக இப்படித்தான் போகிறார்கள். நீலமும் கருப்புமாகக் குறுக்குக் கோடு போட்ட அந்தத் தெர்மல் அங்கே ஏறக்குறைய தேசிய உடை. பார்க்க நன்றாக இருக்குமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காரணம் கூறுவாம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் தோலை ஒட்டி அடங்கி நிற்கும் நீரைவிட, புதிது புதிதாக வந்து மோதும் நீரே அதிகம் கொள்ளையடிக்கும். ஒட்டிய துணி அந்த மோதலைத் தணிக்கிறது. கரையேறியதும் பாலிப்ரொப்பிலீன் இழைக்குள் நீர் தங்குவதே இல்லை. இழைகளுக்கு இடையில் நின்றது வடிந்துவிடும், மிச்சத்தை நடையின் சூடு பார்த்துக்கொள்ளும். இந்த இழையின் மூலப்பொருளை உருவாக்கிய ஆய்வுக்காகக் கியூலியோ நட்டாவும் கார்ல் ஸீக்லரும் 1963இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கியபோது நமுவை அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் நமுவின் வாய்க்கும் காலுக்கும் நடுவே இன்று நிற்பது அந்தப் பரிசுதான்.

அரைக்கால் சட்டை ஏன் வெளியே? பாறையில் சறுக்கி உட்காரும்போது தெர்மலின் பின்புறம் முதல் நாளே கிழிந்துவிடும் என்பது ஒன்று. பை வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை, ஈரமான தெர்மல் மட்டும் அணிந்து எதிரே வருபவரைக் காட்டுப் பாதையில் ஒரு முறை சந்தித்தவர்கள் விளக்கம் கேட்காமலே ஏற்பார்கள்.

மெரினோவாதி இங்கே குறுக்கிடுவார். கம்பளி நனைந்தும் சூடு தரும் என்பார், உண்மை. ஆனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைச் சத்தமில்லாமல் குடித்துவைத்துக்கொண்டு காயத் தாமதிக்கும். பாலிப்ரொப்பிலீனுக்கும் குற்றம் உண்டு: இரண்டே நாளில் நாறும். அதைக் குடிலின் அடுப்புக்கு மேல் கொடியில் மிக நெருக்கமாகக் காயப்போட்டால் சுருங்கிச் சிறுவனுக்குரியதாகிவிடும். இன்னும் நெருங்கினால் உருகும்.

பூட்ஸின் அடிப்பகுதி பற்றியும் ஒரு சொல். வழுக்குப் பாறையில் ஃபெல்ட் என்னும் அழுத்திய இழைத்துணி அடி போலப் பிடிப்பது வேறில்லை. ஆனால் 2004இல் தென்தீவின் வையாவ் ஆற்றில் டிடிமோ என்னும் நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது; பாறையெல்லாம் சளி படர்ந்தது போல் ஆக்கும் பாசி. ஈரம் காயாத ஃபெல்ட் அதை ஆற்றுக்கு ஆறு சுமந்து செல்லும் என்று 2008இல் ஃபெல்ட் அடிக்குத் தடை வந்தது. ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் போகுமுன் உடையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு தொட்டால் ஈரம் தெரியாத அளவு காயவிட்டு, மேலும் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நனைவாதியும் விதிப்படி உலர்ந்தே ஆக வேண்டிய இடம் இது. உலர்வாதிகள் இதைத் தம் வெற்றியாகக் கொண்டாடுவது முறையன்று. வேடர்ஸுக்கும் அதே விதிதான்.

தீராமல் நிற்பது ஒரே ஒரு சிக்கல். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950க்கும் மேற்பட்ட மலைக்குடில்களைப் பராமரிக்கிறது. அவற்றில் ஒன்றில் விடிகாலையில், முந்தின நாள் ஈரம் இன்னும் போகாத தெர்மலை வெதுவெதுப்பான தொடையில் ஏற்றும் அந்தக் கணத்துக்கு நனைவாதம் இன்னும் மருந்து காணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக ஏற்ற வேண்டும் என்பது ஒரு கட்சி. இரவே அதைத் தூக்கப் பைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் சூடாக இருக்கும் என்பது மறு கட்சி. இரண்டாம் கட்சியாரோடு ஒரே குடிலில், சன்னல் சாத்திய அறையில் இரவைக் கழித்த பிறர் தெரிவித்த கருத்துகள் அச்சேறும் தரத்தில் இல்லாமையால் இங்கே சேர்க்கப்படவில்லை.