குண்டூர் நாட்டில் ஒரு பாட்டுச் சண்டை

'தளபதி' படம் 1991 தீபாவளிக்கு வந்தது. கேசட் அதற்கு முன்பே வந்துவிட்டது. மிளகு போடக் கீழே போன ஒருவரின் சட்டைப் பையில், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அது கொல்லிமலையில் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. கரண்ட் இருந்தால் கரண்டில் ஓடும், இல்லாவிட்டால் பேட்டரியில். கடைக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு: இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பி பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று மேலே எழும்பும். அப்புறம்தான் சண்டை.

கேசட்டைவிட அதன் அட்டைக்குக் கிராக்கி அதிகம். மடிப்பு மடிப்பாக விரியும் அந்தச் சின்ன அட்டை கை மாறி மாறி, மடிப்புகளில் வெளுத்து, ஓரத்தில் டீக்கறை ஏறியிருக்கும். பொடி எழுத்தைப் படிக்க வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவோம். பாடல்கள் எல்லாம் வாலி எழுதியவை என்று உறுதியானதும் வாலி கட்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுதியவர் பெயர் தெரியாமல் ஒரு பாட்டைப் பற்றிப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அதற்குக் காரணம் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் சொல்லிச் சொல்லியே பாட்டோடு சேர்த்துப் பெயர்களும் மனப்பாடம் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கூட 'நிழல்கள்' படத்தில் 1980இல் வைரமுத்து எழுதிய முதல் பாட்டிலிருந்து தொடங்குவார். இளையராஜாவோடு அவர் ஏன் பிரிந்தார், தப்பு யார் பக்கம் என்று விளக்கு வைக்கும் நேரம்வரை பேச்சு போகும். 1992இல் 'ரோஜா' வந்ததும் கடை இரண்டாகப் பிரிந்தது. வைரமுத்துவின் ஆட்கள் புதுப் பையன் ரகுமானையும் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இலேயே வந்த இசைத் தொகுப்பு. எங்கள் கைக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. ஓர் ஆசிரியர் கொண்டுவந்தார். தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கியது. பாட்டு வரியே கிடையாது. பாடாத பாட்டு பாட்டாகுமா என்று கடையில் பெரிய தகராறு. காப்பிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா தலையைத் தூக்காமல், "அந்த வயலின் வந்ததே, அத இன்னொரு தரம் போடுறா" என்றார். வி.எஸ். நரசிம்மனின் வில் அன்றைக்குப் பலமுறை ஓடியது.

இன்று சண்டை நடப்பது செல்போனில். குண்டூர் நாட்டுப் பையன்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியெல்லாம் எழுதிச் சண்டை போடுகிறார்கள். நோம்பிக்கு ஊருக்கு வந்தால் நேரில் தொடர்கிறார்கள். அப்படி ஒரு நாள் தம்பி மகன் ஓர் இயர்போனை என் காதில் செருகி, "பெரியப்பா, இது என்ன பாட்டுன்னு கண்டுபிடிங்க" என்றான். எம்.ஐ.ஏ.வின் 'பேம்பூ பங்கா'. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எம்.ஐ.ஏ. என்கிற பாடகி மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரால் மறுபடி லண்டனுக்கே திரும்பியவர். 2005இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், 'அருளர்'. 2007இல் இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், 'கலா'. அந்த 'கலா'வின் முதல் பாட்டு இது. அதே ஆல்பத்தின் 'பேர்ட் ஃப்ளூ'வில் அடிப்பது 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் மேளம். நாங்கள் டீக்கடையில் தேய்த்த ஒரு கேசட்டின் பாட்டு, ஓர் ஈழத்துப் பெண்ணின் கையால் உலகத்தைச் சுற்றியிருக்கிறது. எடுத்தாண்டது சரியா, கொள்ளையா என்று பையன்களுக்குள் சண்டை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் தன் வீட்டுப் பாட்டைத்தான் எடுத்தார். ஆனால் இளையராஜா, வாலி பெயர்களைச் சொல்லாமல் அதை யாரும் கேட்கக் கூடாது.

அடுத்து பையன்கள் எம்.ஐ.ஏ.வின் 'பார்ன் ஃப்ரீ' பாட்டுக்கு எடுத்த படத்தைக் காட்டினார்கள். 2010 ஏப்ரலில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாதபோது வந்தது. செம்பட்டை முடிப் பையன்களை மட்டும் தேடிப் பிடித்து, வெட்டவெளியில் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். யூடியூப் அதற்குத் தடை போட்டது. "இது பேர் வாங்கப் பண்ணது" என்றான் ஒருவன். "செய்தியில காட்டாதத காட்டுனா அது பேர் வாங்கறதா?" என்றான் மற்றவன். நான் இரண்டாமவன் பக்கம். முடியின் நிறத்துக்காகக் கொல்வது உங்களுக்குப் பதைக்கிறதென்றால், மொழிக்காகக் கொன்றபோது எங்கே போனீர்கள் என்று அந்தப் படம் கேட்கிறது. பார்க்க முடியவில்லை, பார்க்க முடியாதபடிதான் அதை எடுத்திருக்கிறார்கள். எங்கள் மலைக்கு இது புதிதுமல்ல. சங்கப் பாட்டுகள் பாடிய கொல்லிப்பாவை இந்த மலையில் நிற்பது. இடி, காற்று, மழை எது வந்தாலும் அழகு குலையாதது. சிரித்தே ஆளைக் கொல்லும் என்று பின்னால் வந்த கதைகள் சொல்கின்றன. பார்க்கிறவனைச் சும்மா விடாத சிலை அது.

இளையவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அரை நிமிடத் துண்டை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். 1993இல் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவோடு இளையராஜா பதிவு செய்த சிம்ஃபொனி வெளியாகவே இல்லை. அது எப்போது வரும் என்று எங்கள் தலைமுறை ஏங்கியே வயதாகிவிட்டது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அதே குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்ஃபொனியை அரங்கேற்றியது. கடைசி ஸ்வரம் அடங்குமுன்பே அது சிம்ஃபொனியா இல்லையா என்று ஆயிரம் பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், தம்பிகளே. சித்தப்பா கடையின் சட்டம் நல்ல சட்டம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், அவரோடு பல்லாயிரம் ரசிகர்களும் கேட்டார்கள்; பிறகு அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது சண்டை மறுபடி மூண்டது. தன் உழைப்பு இது என்று அறிவு எழுதினார். பாட்டுக்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தைச் சொன்னார். அந்த வழக்கு இன்னும் ரசிகர்களிடம் முடியவில்லை. இருந்தாலும் எழுதியவனின் முகம் அட்டையில் இல்லையே என்று ஊரே கேட்டது எங்கள் காலத்தில் நடக்காதது. நாங்கள் வாலியா வைரமுத்துவா என்று மல்லுக்கட்டினோம். உருமி அடித்தவர் யாரென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2024 ஏப்ரலில் இளையராஜா பாடல்களின் உரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்னவாகும் என்று கேட்டது. அதையொட்டி இசை பெரிதா மொழி பெரிதா என்று வைரமுத்து பேச, இளையராஜாவின் தம்பி கங்கை அமரன் காட்டமாகப் பதில் சொன்னார். டீக்கடையில் நாங்கள் தீர்க்காமல் விட்ட கேள்விதான்.

சங்கப் புலவர் வன்பரணர் எங்கள் மலைத் தலைவன் ஓரியைப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. முழா, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி எடுக்கச் சொல்கிறார். அவற்றை வாசித்தவர்கள் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

இப்போது நோம்பிக்கு நோம்பி எங்கள் கிழவிகள் பாடும் கும்மிப் பாட்டைப் பையன்கள் செல்போனில் பிடித்து ஏற்றுகிறார்கள். 'கொல்லிமலைப் பாட்டு' என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். குண்டூர் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பாடுகிற கிழவியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரையும் ஊரையும் போடுங்கள். அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கொட்டு அடிப்பவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.