கம்பி சொல்லும் கணக்கு

கே: நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வை எப்படி மாற்றுகிறார்கள்?

ப: தொடை வழியாக. தொடைத் தமனியில் துளையிட்டு, ஒரு கம்பியை இதயத்தின் இடது கீழறைவரை செலுத்துவார்கள். அதன் மேலேறிப் போகும் புது வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிய பழைய பெருந்தமனி வால்வுக்கு நடுவே விரியும். பழையதை வெட்டியெடுப்பதில்லை, அது ஓரமாக ஒதுங்கிவிடும். மனிதருக்கு முதன்முதலில் இதைச் செய்தவர் அலென் கிரிபியே, பிரான்சின் ரூவான் நகரில், 2002 ஏப்ரலில். அவர் போனது சிரை வழியாக. தமனிப் பாதை பிறகு வந்தது.

கே: இப்போது இந்தக் கம்பிக்குள்ளேயே சென்சார் வைக்கிறார்களாமே, எதற்கு?

ப: வால்வு விரிந்ததை எக்ஸ்ரே காட்டிவிடும். ஒழுகுகிறதா என்பதற்கு ரத்த அழுத்தமும் சாட்சி சொல்ல வேண்டும். இதயம் தளரும் நேரத்தில் பெருந்தமனியில் அழுத்தம் சரிந்து, கீழறையில் ஏறினால் கசிவு என்று சந்தேகிக்கலாம். வழக்கமாகக் கீழறை அழுத்தத்தை அளக்க, அதற்குள் ஒரு கதீட்டர் குழாயைக் கொண்டுபோக வேண்டும். கனடாவின் கியூபெக் நகரில் ஆப்சென்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'சாவிவயர்' தானே அளந்து சொல்கிறது. 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கம்பி. உள்ளே ஒரு கண்ணாடி இழை, இழை முனையில் நுண்ணிய சவ்வு. அழுத்தத்தில் சவ்வு வளைந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி மாறும். அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக ஓடுகிறது. எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: கசிவு தெரியும்போது கம்பி இன்னும் உள்ளேயே இருக்கிறது. தேவைப்பட்டால் அதே கம்பியில் பலூனை ஏற்றி, வால்வை இன்னொரு முறை விரிக்கலாம்.

கே: வால்வை விரிக்கும் நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடுவார்களா?

ப: நேர்மாறு! பல சமயம், சில வினாடிகளுக்கு நிமிடத்துக்கு 180-க்கு மேற்பட்ட வேகத்தில் துடிக்கவிடுவார்கள். அந்த வேகத்தில் இதயத்தால் ரத்தத்தைச் சரியாக வெளித்தள்ள முடியாது. மதகை அடைத்துவிட்டு வாய்க்காலில் வேலை பார்ப்பதுபோல, வால்வு அசையாமல் உட்காரும். இதற்காக வழக்கமாகத் தனியாக ஒரு சிரையில் துளையிட்டு, தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியை வலது கீழறைக்கு அனுப்புவார்கள். அங்கே சுவர் மெல்லியது, துளைத்துவிடும் அபாயம் உண்டு. சாவிவயர் வழியாகவே மின்துடிப்பைக் கொடுக்கலாம் என்பதால் பலருக்கு அந்தத் துளை மிச்சம். எல்லாருக்கும் அல்ல. புது வால்வு அழுத்தி இதயத்தின் மின்பாதை தடைபடலாம். அந்த வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு வலதுபக்கக் கம்பி இன்னமும் தேவை.

கே: இந்தக் கம்பியால் ஆபத்தே இல்லையா?

ப: உண்டு. விறைப்பான எந்தக் கம்பியும் இடது கீழறையைக் குத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முனையைச் சுருளாக வளைத்தே செய்கிறார்கள்.

கே: அம்மாவுக்கு 78 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்தக் கம்பிதான் வேண்டும் என்று கேட்கலாமா?

ப: முதலில் எக்கோ எடுங்கள், தள்ளிப்போடாமல். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வால்வு கடுமையாக இறுகி, மூச்சிரைப்போ மயக்கமோ நெஞ்சுவலியோ தொடங்கியபின் சிகிச்சை இல்லாமல் விட்டால், ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டே ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். எந்தக் கம்பி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: இதுவரை எத்தனை பேருக்கு இந்த வால்வை வைத்திருக்கிறீர்கள்? வைத்த பிறகு கசிவை எப்படி அளக்கிறீர்கள்?