அல்காரித மகாராஜா திருமுன்

மாட்சிமை பொருந்திய அல்காரித மகாராஜா அவர்களின் பொற்பாதங்களுக்கு, கொடைக்கானல் மலையில், பெருமாள்மலைப் பிரிவில் கடை விரித்திருக்கும் சிறுவணிகக் குடிகளின் கோடானுகோடி தெண்டம்.

வத்தலக்குண்டு சாலையும் பழனி சாலையும் சேரும் இந்த முனையில், தாங்கள் எழுந்தருளும் முன் நாங்கள் எவ்வளவு இருளில் கிடந்தோம்! வண்டி நிற்கும். இறங்கியவர் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி முகர்வார், விலையைக் குறைத்துக் கேட்பார், வாங்கிப் போவார், அடுத்த சீசனுக்கும் அதே கடையைத் தேடி வருவார். இந்தக் கீழான பழக்கத்திலிருந்து எங்களைக் கடைத்தேற்றிய கருணைக்கடல் தாங்களே.

தங்கள் திருநாமத்தைப் பரப்பும் டிஜிட்டல் குருமார்களின் மேன்மையை என்னென்பது! ஒரு கிலோ பூண்டுகூட விற்றறியாத தூயவர்கள். அனுபவம் என்னும் மாசு அவர்களைத் தீண்டியதே இல்லை. இலவச வகுப்பில் ஆசையை ஊட்டி, கட்டண வகுப்பில் ஞானத்தை ஊட்டுகிறார்கள்: முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடி, டிரெண்டிங் பாட்டைப் போடு, விலையை மட்டும் சொல்லிவிடாதே.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏறக்குறைய நான்கு மாதம் மண்ணில் விளைந்து, தாளோடு கட்டிப் புகையில் தொங்கிப் பக்குவப்படும் பண்டம் அது. அதெல்லாம் என்ன பெருமை? அதை ஏந்தி ஓர் அக்கா சினிமாப் பாட்டுக்கு இடுப்பை அசைத்தால்தான் அது பூண்டு என்று கண்டருளியது தங்கள் ஞானக்கண் அல்லவா! “ஒரு நிமிஷம் இருங்கண்ணா, பனி எறங்கிரும்” என்று, பூண்டு கேட்டு நின்றவரைக் காக்கவைத்து அக்கா மறுபடியும் ஆடினார். அண்ணன் வண்டியேறிப் போய்விட்டார். ரீலுக்கு இதயங்கள் குவிந்தன. விலை கேட்டவர்களுக்கெல்லாம் “டிஎம் பண்ணுங்க” என்றார். அவர்களும் நாகரிகமாக நகர்ந்துவிட்டார்கள். வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பவரையும் இந்த அக்காவையும் ஒரே தராசில் நிறுத்தும் தங்கள் சமநோக்கு எந்த ஞானிக்கு வாய்க்கும்?

தங்கள் நிதி நிர்வாகமோ ஈடிணையற்றது. ஃபேஸ்புக் பக்கத்தை நாங்கள் வளர்த்தோம். ஆட்களை நாங்கள் சேர்த்தோம். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் திருச்சபை, இனி உற்றார் உறவினர் பதிவுக்கே முதலிடம் என்று ஆணையிட்டு, கடைக்காரர் பதிவுகளைப் பின்வரிசையில் அமர்த்திப் பணிவைக் கற்றுத் தந்தது. இன்று எங்கள் வாடிக்கையாளர் முகத்தை நாங்களே பார்க்க ‘பூஸ்ட்’ உண்டியலில் காணிக்கை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சுங்கச்சாவடியிலாவது காசு கொடுத்தால் சாலையில் போக விடுவார்கள். அத்தகைய அற்ப வாக்குறுதிகளுக்கு அப்பாற்பட்டவர் தாங்கள்.

பற்றறுக்கும் பாடத்தையும் தங்கள் பரம்பரையே கற்பித்தது. 2020 ஜூன் 29-இல் தங்கள் குலக்கொழுந்தாம் டிக்டாக்குக்கு அரசு தடை விதித்ததும், அதில் கடை வளர்த்தவர்கள் சேர்த்த கூட்டமெல்லாம் பறிபோய்ச் சடுதியில் துறவு பூண்டார்கள். 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் மௌன விரதம் காத்து, நாங்கள் யாரை நம்பி வாழ்கிறோம் என்பதை உணர்த்தின.

சுவாமி, ஒரேயொரு அபாயத்தை விண்ணப்பிக்கிறோம். சில ராஜத்துரோகிகள் ஒரு நோட்டுப் போட்டு, வாங்கியவர் பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை கிலோ என்று எழுதி வைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் விலையோடு நேரடியாகத் தகவல் சொல்லிப் பார்சல் அனுப்புகிறார்கள். கூகுள் மேப்பில் கடை இருக்கும் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் சரியாகப் பதிந்துவிட்டு, ஆடாமல் பாடாமல் விற்றுத் தொலைக்கிறார்கள். இந்த நோட்டு விவகாரம் பற்றி வகுப்பில் மறந்தும் வாய்திறவாத குருமார்களின் ராஜவிசுவாசம் வாழ்க! அந்த நோய் எங்கள் கடைகளுக்கும் பரவாமல் காத்தருள வேண்டும். பரவினால் எங்களுக்குச் சோறு கிடைத்துவிடும். தங்களுக்கு ஆடுவார் யார்?