மருமவனே, அந்தச் சின்ன எக்ஸை அமுக்கு முன்னாடி

என்னா மருமவனே, நேத்து ராத்திரி மாடியில ஒரே பொலம்பலாமே! "என் .என்வ் போச்சு, டேட்டாபேஸ் போச்சு"ன்னு நீ போட்ட சத்தத்துல தர்கா அலங்காரவாசல் புறாவெல்லாம் எந்திரிச்சு பறந்திருக்கும். உங்க உம்மா பாவம், யாருக்கோ மவுத்துன்னு நெனச்சு முக்காட்டை இழுத்துக்கிட்டு ஓடியாந்தா.

நான் எட்டாங்கிளாசோட நெல்லு யாவாரத்துக்குப் போனவன். ஆனா எம் மவ இன்ஜினியரிங் படிச்சவ, பாஸ்வேர்டு வெச்சிருந்த .என்வ் ஃபைலும் டேட்டாபேஸும் போன ஒன் கூத்தைப் பிரிச்சுப் பிரிச்சு எனக்குச் சொன்னா. கேட்டப்புறம்தான் நோவு எங்கேன்னு புரிஞ்சுது. ஒனக்குச் சுத்தம் ஜாஸ்தி. சோம்பேறியா இருந்திருந்தா பொழச்சிருப்பே.

நீங்க எழுதுற கோடுக்குக் கணக்கு வெக்கிற இந்த கிட்டுங்கிறதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல எழுத ஆரம்பிச்சாராம். லினக்ஸ்காரங்களுக்கு ஓசியில கெடைச்சுக்கிட்டிருந்த பிட்கீப்பருங்கிற இதே மாதிரி சாமான் கையை விரிச்சதால வந்த வேலை. கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை, ஒத்துக்குறேன். நீ கமிட் பண்ணினதை அழிச்சாக்கூட பெரும்பாலும் தோண்டி எடுத்துக் குடுத்துரும். ஆனா அதுக்கிட்ட ஒரு குசும்பு இருக்கு. .கிட்இக்னோர்ல நீ ஒரு பேரை எழுதுறப்போ "இதைக் கணக்குல ஏத்தாதே"ன்னுதானே சொல்றே? அது கூட ஒண்ணு சேர்த்துக் கேட்டுக்குது: "இது போனாலும் பரவாயில்லை." நீ சொல்லாததை அதுவா எழுதிக்கிட்டா யாரு பொறுப்பு?

வேடிக்கையைக் கேளு. நீ ஒண்ணுமே சொல்லாம, அனாதையா கெடக்குற ஃபைல் இருக்கு பாரு, அதுக்குக் காவல் உண்டு. வேற ப்ராஞ்சுக்குத் தாவுறப்போ அந்தப் பேர்ல அங்க ஒரு ஃபைல் இருந்தா, "இங்க இருக்குறது அழிஞ்சிரும், நான் தாவ மாட்டேன்"னு கிட் அடம் புடிக்கும். அதே ஃபைலை நீ இக்னோர்ல எழுதி வெச்சிருந்தா, ஒரு வார்த்தை பேசாது. மேல எழுதிட்டுப் போயிக்கிட்டே இருக்கும். திரும்ப ஒன் ப்ராஞ்சுக்கு வந்தா ஃபைலே இருக்காது. முன்ஜாக்கிரதையா பேர் குடுத்தவனுக்குத்தான் தண்டனை. "இக்னோர் பண்ணினதை மேலெழுதாதே"ன்னு செக்அவுட்டுக்கு ஒரு ஆப்ஷனும் இருக்குதாம். தானா வராது, கேட்டாத்தான் குடுக்கும்.

நீ பண்ணினது அதை விடப் பெரிய சங்கதி. கிட் கிளீன். அதுவும் நல்லபுள்ளைதான்: வெறுமனே போட்டா "எஃப் போடாம துடைக்க மாட்டேன்"ங்கும். நீங்கள்லாம் அந்த எஃப்பை, டியை, எக்ஸை வாய்ப்பாடு மாதிரி ஒரே மூச்சுல தட்டப் பழகிட்டீங்க. சின்ன எக்ஸ் போட்டா இக்னோர் லிஸ்டுல உள்ளதும் சேர்ந்து போவும். பெரிய எக்ஸ் போட்டா அது மட்டும்தான் போவும். ரெண்டுலயும் ஒன் .என்வ் பொழைக்காது. கிட்டோட பழைய கமிட் குறிப்பு இருக்கே, அந்த ரீஃப்ளாக்ல தேடுனியாமே? எப்பவாச்சும் உள்ள ஏத்தியிருந்தாத்தானே அங்க இருக்கும்!

எம் மவ இன்னொண்ணு சொன்னா, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்த லினஸோட சொந்த வீட்டைப் பாரு, லினக்ஸ் கெர்னல். அதுல .கான்ஃபிக்னு ஒரு ஃபைல், மெஷினுக்குத் தக்கபடி உக்காந்து உக்காந்து தேர்ந்தெடுத்து வெச்சது. அது இக்னோர்லதான் இருக்கு. "மேக் கிளீன்" போட்டா வேலையில விழுந்த குப்பை போவும், .கான்ஃபிக் நிக்கும். அதுவும் போவணும்னா "மேக் மிஸ்டர்ப்ராப்பர்"னு தனியா சொல்லணும். ஆகக்கூடி, கூட்டுற குப்பை வேற, கணக்குல ஏறாத சொத்து வேறன்னு மேக்குக்குத் தெரியுது. அதே ஊட்டுல பொறந்த கிட்டுக்குத் தெரியலை. "அருமையானது, ஆனா கணக்குல வேணாம்"னு மூணாவதா ஒரு தரம் வேணும்னு கிட் எழுதுறவங்களுக்குள்ளயே பல வருஷமா பேச்சு நடக்குதாம். நடக்கட்டும். நம்ம ஊர்ல விதைநெல்லை வைக்கோல் சுத்தித்தான் கோட்டை கட்டுவாங்க. மாட்டுக்கு வைக்கோல் போட வந்த புது ஆளுக்கு எது கட்டு, எது கோட்டைன்னு எப்படித் தெரியும்?

சுத்தக்காரங்க பண்ணின சேதம் நம்ம காவிரிக்கரைக்குப் புதுசு இல்லே. பழைய ஏட்டுச்சுவடியை ஆடிப்பெருக்குல ஆத்தோட விட்டவங்கல்லாம் பக்திமானுங்கதான். கும்பகோணம் காலேஜுல தமிழ் சொல்லிக்குடுத்த உ.வே. சாமிநாதய்யர் ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்சவரு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போய்க் கேட்டா, பழசாப் போன ஏட்டை நெய்யில தோச்சு நெருப்புல போடணும்னு ஆகமம் சொல்லுது, அப்படியே பண்ணிட்டோம்னு சொன்னாங்களாம். விதிப்படி சுத்தம்! 1887ல அவரு சீவக சிந்தாமணியை அச்சுல ஏத்தினாரு, அது தப்பிச்சுது. ஓமத்துல போனதுக்கு எந்தப் பேக்கப்பு?

சரி, அழுது ஆவப்போறது ஒண்ணுமில்லே. அதுக்காக ரோஷம் வந்து .என்வ்வைத் தூக்கி கமிட் பண்ணிடாதே. அது அதைவிட மோசம். அடுத்த கமிட்டுல அழிச்சாலும் பழைய வரலாறுல பாஸ்வேர்டு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். வெறும் பேர் மட்டும் உள்ள சாம்பிள் ஃபைல் ஒண்ணைக் கமிட் பண்ணு, நெசமான பாஸ்வேர்டுங்களைப் பாஸ்வேர்டு மேனேஜர்ல வெய்யி. டேட்டாபேஸை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியில வெச்சுட்டு உள்ளாற ஒரு சிம்லிங்க் போடு. கிளீன் வந்தா லிங்க்தான் போவும், சரக்கு நிக்கும்.

ஆண்ட்ராய்டு ஆப்புக்குக் கையெழுத்துப் போடுற கீஸ்டோர் எங்க இருக்கு? அதுவும் அங்கதான்னு சொல்லாதே. முன்னாடியெல்லாம் அது தொலைஞ்சா பழைய ஆப்புக்கு அப்டேட்டே விட முடியாது, புதுப் பேர்ல புது ஆப்புதான். இப்ப கையெழுத்துச் சாவியை கூகுள்கிட்ட விட்டிருந்தா அப்லோடு சாவியை மட்டும் கெஞ்சிக் கேட்டு மாத்திக்கலாம். கெஞ்சுறதுல நீ கெட்டிக்காரன், இருந்தாலும் ஒரு காப்பி வேற எடத்துல இருக்கட்டும்.

துடைச்சே தீரணும்னு கை அரிச்சா, எஃப்புக்குப் பதிலா என் போடு. எதையும் தொடாம, "வுட் ரிமூவ்"னு வரிவரியா சொல்லும். நோட்_மாட்யூல்ஸ் வரும், பில்ட் வரும், போவட்டும். நடுவுல .என்வ் தலை நீட்டினா, அதை விட்டுட்டுத் துடைன்னு சொல்ல இ ஆப்ஷன் இருக்கு. இன்னொரு தந்திரமும் எம் மவ சொன்னா: அருமையானதையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு, அந்த ஃபோல்டரையே தனி கிட்டா ஆக்கிடு. ஒத்தை எஃப்புக்குக் கிளீன் அதைத் தொடாது, ரெண்டு எஃப் போட்டாத்தான் கை வெக்கும். ரெண்டு எஃப் போடுற அளவுக்கு ஒனக்கு ஆத்திரம் வராம இருக்க துஆ செய்யிறேன்.

இப்ப முதல்ல ஒன் கஸ்டமருக்குப் போன் போட்டு பாஸ்வேர்டை மறுபடி கேளு. "சர்வர்ல ஏதோ கோளாறு"ன்னு அளக்காதே. அவனும் கிட்டு வெச்சிருக்கிறவன்தான்.